மாநிலம் மாறும் வண்டியும் நாம் கட்டும் உல்கும்

வழிக்கும் வண்டிக்கும் வரி என்பது நம்மவர்க்குப் புதிதன்று. உல்கு என்ற பழஞ்சொல்லே அதற்குச் சாட்சி. மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்துகள் செல்லும் பெருவழியையும், அங்கே உல்கு வாங்குமிடத்தில் வில்லேந்தி நின்ற காவலரையும் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பொதிகளுக்குப் புலிப்பொறி ஒற்றிய செய்தி பட்டினப்பாலையில் வருகிறது. முதற் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பட்டமே உண்டு. வரியை நீக்கியதற்காக ஒரு மன்னனுக்குப் பட்டம் சூட்டினார்கள் என்றால், அந்த வரி குடிமக்களை எப்படி அழுத்தியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

நான் ஆரணிப் பட்டு வாங்கி விற்கிறவன். பெங்களூர் சிக்பேட்டையில் கடை. சரக்கு மாநில எல்லை தாண்டும்போது ஏற்படும் வில்லங்கங்களிலேயே என் தலைமயிர் நரைத்தது. அந்த வில்லங்கங்களில் பெரும்பகுதி, நுழைவு வரி உட்பட, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு ஒழிந்துபோயிற்று. ஆனால் சேலைக் கட்டு ஏறி வரும் எல்லையில், அதை ஏற்றி வரும் காருக்கு மட்டும் இன்னும் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. வேலை மாற்றலாகித் தமிழ்நாட்டிலிருந்து இங்கே வருகிற அன்பர்களில் பாதிப் பேர் என்னிடம் முதலில் வீடு கேட்கிறார்கள், அடுத்தபடியாக, "ஐயா, டி.என். வண்டியை அப்படியே ஓட்டலாமா, கே.ஏ. ஆக்கணுமா?" என்று கேட்கிறார்கள். நான் சட்டம் படித்து கோட்டுப் போட்டவனில்லை. சட்டப் புத்தகத்தை நானே வாங்கி வைத்துப் படித்தும், பலருடைய காகிதங்களைப் பார்த்தும் தெரிந்துகொண்டதை இந்த மலரில் எழுதிவைக்கிறேன்.

முதலில் இந்தச் சிக்கலின் வேர். நம் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உண்டு. மோட்டார் வண்டிகள் பற்றிச் சட்டம் செய்வது பொதுப் பட்டியலில் 35-ஆவது இனம். அதனால் மோட்டார் வாகனச் சட்டம் நாடு முழுதுக்கும் ஒன்றே. வண்டிமேல் வரி போடுவதோ மாநிலப் பட்டியலில் 57-ஆவது இனம். அது அந்தந்த மாநிலத்தின் கஜானா. பதிவு தில்லிச் சட்டப்படி நடக்கிறது, பணம் பெங்களூருக்கோ சென்னைக்கோ போகிறது. நாம் படுகிற பாடெல்லாம் இந்த இரண்டு பட்டியல்களுக்கும் நடுவில் நிற்பதால் வருவதுதான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் குமாஸ்தாவைக் கோபித்துக்கொண்டு பயனில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு இரண்டு எஜமானர்கள்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன் 46-ஆம் பிரிவு, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இந்தியா முழுதும் செல்லுபடியாகும் என்கிறது. ஆகவே டி.என். எண்ணோடு பெங்களூரில் ஓட்டுவது குற்றமன்று. அடுத்த 47-ஆம் பிரிவில்தான் கடிவாளம். வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புது எண் வாங்க மனுப் போட வேண்டும். அதற்கு 27-ஆம் படிவம். 12 மாதம் முடிந்தபின் 30 நாள் தவணை விதிகளில் இருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள், மைசூரிலிருந்து பெங்களூருக்கு வந்தால் இந்தத் தொல்லை இல்லை. 33-ஆம் படிவத்தில் விலாச மாற்றம் மட்டும் போதும், எண் மாறாது.

இந்தப் 12 மாதக் கணக்கை வைத்துத்தான் நம் ஊரில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. 2014-இல் கர்நாடக அரசு தன் வரிச் சட்டத்தைத் திருத்தி, வெளிமாநில வண்டி 30 நாளுக்கு மேல் இங்கே ஓடினால் ஆயுட்கால வரி கட்ட வேண்டும் என்றது. அந்த நாட்களில் சாலையில் டி.என்., ஏ.பி., கே.எல். எண்ணைக் கண்டால் கையைக் காட்டி நிறுத்துவார்கள். ஆறு மாதத்தில் திரும்பிப் போகிற கணினிப் பையனும் 15 வருடத்து வரியைக் கட்ட வேண்டுமென்றால் அது எந்த ஊர் நியாயம்? வண்டிக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2016 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது. மத்தியச் சட்டம் ஓராண்டு வரை புது எண் கேட்கவில்லை. அப்படியிருக்க முப்பதே நாளில் ஆயுட்கால வரி கேட்பது அதோடு முரண்படுகிறது என்பது சாரம்.

ஆனால் 12 மாதம் என்று எண்ணத் தொடங்குவது எந்த நாளிலிருந்து? இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வண்டி மாநிலத்துக்குள் வந்த நாளை நாம்தான் காட்ட வேண்டும். அத்திப்பள்ளிச் சுங்கச் சாவடியைத் தாண்டின தேதி ஃபாஸ்டாக் கணக்கில் இருக்கும். அதை அன்றே எடுத்து வையுங்கள். சாமான் ஏற்றி வந்த லாரி ரசீது, வீட்டு வாடகை ஒப்பந்தம், கம்பெனி மாற்றல் உத்தரவு இவற்றின் நகல்களை ஆர்.சி. வைக்கும் உறையிலேயே போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்வருகிறவர்கள் அந்தப் போக்குவரத்தின் ரசீதுகளையும் விட வேண்டாம். வியாபாரியின் புத்தி என்று சிரிக்கலாம். ரசீது பேசுகிற இடத்தில் நாம் பேச வேண்டியதில்லை.

சரி, இங்கேயே தங்கிவிடுவது என்று முடிவு செய்தாயிற்று. இனி வருவது தடையில்லாச் சான்று. என்.ஓ.சி. என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். 48-ஆம் பிரிவு, 28-ஆம் படிவம். இதைத் தருவது வண்டி முதலில் பதிவான ஆபீஸ். இங்கே இருக்கும் ஆபீஸ் அன்று. ஓசூரில் பதிவான வண்டி என்றால் காலையில் போய் மாலையில் திரும்பலாம். நாகர்கோவிலில் பதிவு செய்தவர் நிலையை நினைத்துப் பாருங்கள். மனுவை இப்போது பரிவாகன் இணையத்தளத்தில் போட்டுக் கட்டணமும் கட்டிவிடலாம் என்றாலும், காகிதக் கட்டு நேரில் போய்ச் சேர வேண்டிய ஆபீஸ்கள் இன்னும் இருக்கின்றன. படிவத்தில் சேசிஸ் எண்ணின் பென்சில் பிரதி ஒட்ட வேண்டும். எண் பொறித்த இடத்தைத் துடைத்து, மெல்லிய தாளை அதன்மேல் அழுத்திப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் எழும்பி வரும். கல்வெட்டுக்குப் படி எடுக்கிறார்களே, கிட்டத்தட்ட அதே வேலை. நான்கைந்து படியாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. எண் தெளியவில்லை என்று ஒரு தாளைத் திருப்பினால் மறுபடி ஊருக்கு ஓட வேண்டியிருக்காது.

என்.ஓ.சி. தருமுன் அந்த ஆபீஸ் பார்ப்பவை: வண்டி களவு போனதாகப் புகார் உண்டா என்று போலீஸ் பதிவேடு, வரி பாக்கி, சிக்னல் மீறிய அபராதங்கள், கடன் நிலுவை. இந்தக் கடன் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கடனில் வாங்கிய வண்டியின் ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயர் ஏறியிருக்கும். தவணை முடிந்தால் அந்தப் பெயர் தானாக இறங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இறங்காது. கடன் கொடுத்தவரிடம் 35-ஆம் படிவத்தில் கையொப்பம் வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் மனுப் போட்டுத்தான் இறக்க வேண்டும். கடன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாநிலம் மாறினால், கடன் கொடுத்தவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும்.

மனுக் கொடுத்த 30 நாளுக்குள் என்.ஓ.சி. கொடுக்கவோ, காரணத்தை எழுதி மறுக்கவோ வேண்டும் என்கிறது சட்டம். இரண்டும் செய்யாவிட்டால் கொடுத்ததாகவே கொள்ளப்படும். கேட்க இனிமையான வாசகம். ஆனால் "கொடுத்ததாகக் கொள்ளப்பட்ட" சான்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெயநகர் ஆபீஸ் ஜன்னலில் நின்றால் நீட்ட ஒன்றும் இருக்காது! ஆகவே மனு கொடுத்ததற்கான ரசீது, தேதி முத்திரையோடு, கட்டாயம் வேண்டும். பேச்சுக்குப் பிடி அதுதான். இன்னொன்று, என்.ஓ.சி. வாங்கிய வண்டி பழைய ஆபீஸைப் பொறுத்தவரை புறப்பட்டுவிட்ட வண்டி. அதை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு, விற்கலாமா வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்காக ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். பெயர், இடம் வேண்டாம். கணவர் சென்னையில் கடனுக்கு வாங்கிய காரோடு இங்கே வந்தவர். ஏழு வருடம் டி.என். எண்ணிலேயே ஓடியது, யாரும் கேட்கவில்லை, அவரும் அசைக்கவில்லை. திடீரென்று மார்வலி, ஒரே இரவில் போய்விட்டார். அந்த அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பிள்ளைகள் படிப்புக்குப் பணம் வேண்டும். காரை விற்றுவிடலாம் என்று என்னிடம் கேட்டார்கள். காகிதத்தைப் பார்த்தேன். கடன் நான்கு வருடத்துக்கு முன்பே தீர்ந்திருக்கிறது, ஆனால் கடன் கொடுத்தவர் பெயர் ஆர்.சி.யில் அப்படியே இருக்கிறது. 28-ஆம் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் உரிமையாளர். அந்தக் கை இல்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கடன் தீர்ந்த கடிதம், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் சேர்த்து, 31-ஆம் படிவத்தில் பெயர் மாற்றத்துக்குப் போக வேண்டும். கடன் கொடுத்த நிறுவனத்தின் அந்தக் கிளையோ மூடிவிட்டது. சென்னைக்கு மூன்று முறை போய்வந்தோம். பிறகு இங்கே வரி. ஓராண்டு தாண்டி எத்தனையோ நாளாகிவிட்டபடியால் அதற்குரிய தண்டமும் சேர்ந்தது. இடையில் ஒரு வியாபாரி, நாலு லட்சம் போகக்கூடிய வண்டிக்கு, "காகிதம் சரியில்லையேம்மா" என்று ஒன்றரை லட்சம் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், சிக்கலுக்கு அவர் விலை போட்டார். பத்து மாதம் அந்தக் கார் மாடிப்படிக்கு அடியில் பாட்டரி இறங்கி நின்றது.

அந்த வகையில் பின்னால் ஒரு நல்ல வழி வந்தது. 2021-இல் விதிகளைத் திருத்தி, ஆர்.சி.யிலேயே வாரிசு நியமனம் செய்ய இடம் கொடுத்தார்கள். வங்கிக் கணக்குக்கு நாமினி எழுதுவது போல வண்டிக்கும் எழுதலாம். வண்டிக்காரர் காலமானால், நியமனம் பெற்றவர் மூன்று மாதத்துக்குள் தன் பெயருக்கு மாற்ற மனுப் போட வேண்டும். எண் மாற்றப் போகும்போதே இதையும் முடித்துக்கொள்ளலாம்.

இனிப் பணக் கணக்கு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் கார்களுக்கு ஆயுட்கால வரியை உயர்த்தினார்கள்: 5 லட்சம் வரை 12 விழுக்காடு, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. கர்நாடகத்தில் இதே விலைப் படிகளுக்கு 13, 14, 17, 18 என்ற விகிதம். அதோடு அந்த வரியின்மேல் 11 விழுக்காடு செஸ். 9 லட்ச ரூபாய்ப் புதுக் காருக்குத் தமிழ்நாட்டில் 1,17,000. கர்நாடகத்தில் 1,26,000, செஸ் 13,860 சேர்ந்து 1,39,860. பழைய வண்டிக்கு முழுத் தொகை கிடையாது. வண்டியின் வயதுக்கேற்பக் குறைந்துகொண்டே வரும் பட்டியல் உண்டு. ஆகவே வண்டி கிழடாகக் கிழடாக இங்கே கட்டுவது குறையும். ஓராண்டு தாண்டித் தண்டம் ஏறுவதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் மாநிலத்தில் 15 வருடத்துக்கென்று கட்டினோமே, அந்தப் பணம்? ஓடாத காலத்துக்குரிய பங்கைத் திருப்பித் தர இரு மாநிலச் சட்டங்களிலும் இடமுண்டு. கேட்டால்தான் தருவார்கள். கேட்பதற்குப் புது ஆர்.சி.யின் நகல், இங்கே வரி கட்டிய ரசீது, என்.ஓ.சி. நகல், முதலில் அங்கே கட்டிய வரி ரசீது எல்லாம் வேண்டும். அதாவது இங்கே கட்டி முடித்த பிறகுதான் அங்கே கேட்க முடியும். இடைப்பட்ட காலத்துக்கு ஒரே வண்டிக்கு இரண்டு மாநிலங்களிலும் நம் பணம் கிடக்கும். கடைக்காரர் பாஷையில் இதற்கு முடக்கம் என்று பெயர். ஒரு லட்சம் முடங்கும் என்று தெரிந்து கையில் வைத்துக்கொண்டு இறங்கினால் மனக்கஷ்டம் இல்லை. முதல் வரி ரசீதைத் தொலைத்துவிட்டு, "ஆர்.சி. தான் இருக்கே" என்று வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திரும்பப் பெறும் தொகை சின்னதுதானே என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. எனக்கு அது ஏற்பதில்லை.

மாற்றல் உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு மத்திய அரசு இப்போது வேறு வழி திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 26-இல் அறிவித்து, செப்டம்பர் 15 முதல் நடப்புக்கு வந்த பி.எச். வரிசை. பாரத் என்பதன் சுருக்கம். எண்ணின் தொடக்கத்தில் மாநில எழுத்து இராது. பதிவான ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், பிறகு பி.எச்., பிறகு நான்கு இலக்கமும் எழுத்தும். இந்த எண் உள்ளவர் எந்த மாநிலம் போனாலும் எண் மாற்ற வேண்டியதில்லை. வரியும் 15 வருடத்துக்கு மொத்தமாக இல்லை; இரண்டிரண்டு வருடமாகக் கட்டலாம். விகிதம் 10 லட்சத்துக்குக் கீழ் 8, 20 லட்சம் வரை 10, அதற்கு மேல் 12 விழுக்காடு என்ற அளவில். டீசலுக்கு 2 கூட, மின்சார வண்டிக்கு 2 குறைவு. ராணுவத்தார், மத்திய மாநில அரசு ஊழியர், பொதுத்துறை ஊழியர், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் ஆபீஸ் உள்ள தனியார் கம்பெனி ஊழியர் இவர்களுக்குத்தான் உரிமை. கம்பெனிக்காரர்கள் 60-ஆம் படிவத்தில் சான்று வாங்கித் தர வேண்டும். முன்பே டி.என். எண் வாங்கியவர்களும், தகுதி இருந்தால், பி.எச்.சுக்கு மாற 2022 டிசம்பர்த் திருத்தம் இடம் கொடுத்தது. இரண்டு வருடத் தவணையை மறக்கக் கூடாது என்பது மட்டும் இதில் பயம்.

வாசகர்கள் கவனித்திருப்பீர்கள், அந்தப் பட்டியலில் கடைக்காரன் இல்லை. ஆரணியிலும் பெங்களூரிலும் ஈரோட்டிலும் சுற்றிச் சுற்றி வண்டியிலேயே ஆயுளைக் கழிக்கிற வியாபாரிக்குப் பி.எச். எண் கிடையாது. மாதச் சம்பளச் சீட்டு இருந்தால்தான் இந்தியா முழுதும் ஓடுவான் என்று யார் கணக்குப் போட்டார்களோ! வரி கட்டுவதில் முதல் வரிசை, சலுகையில் கடைசி வரிசை. நானும் என் போன்றவர்களும் 27, 28 படிவங்களோடு மல்லாடத்தான் வேண்டும்.

வரி குறைவு என்று புதுச்சேரியில் ஒரு விலாசம் காட்டி வண்டி பதிவு செய்கிற பழக்கம் பற்றிச் சிலர் காதோடு காதாகக் கேட்கிறார்கள். வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ அந்த மாநிலத்து ஆபீஸில்தான் பதிய வேண்டும் என்கிறது 40-ஆம் பிரிவு. 2017-இல் கேரளத்தில் இந்தப் போலி விலாசப் பதிவுகளைத் தோண்டி எடுத்து வழக்குப் போட்டார்கள்; பெயர் பெற்றவர்களும் தப்பவில்லை. அதை விட்டுத் தள்ளுங்கள்.

சங்கத்தில் பாதி வீடுகளில் ஒரு பிள்ளையாவது கடல் கடந்து இருக்கிறது. "அப்பா, என் காரைக் கப்பலில் போட்டுக் கொண்டுவரட்டுமா?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர் திரும்புகிறவர்கள் வீட்டுச் சாமானுக்குப் பெறுகிற சுங்கச் சலுகையில் கார் சேராது. ஓட்டிய வண்டியை இறக்க வேண்டுமானால் அது தயாரித்து மூன்று வருடத்துக்கு மேற்படக் கூடாது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் இறக்கலாம். துபாய், குவைத், அமெரிக்கா எல்லாம் இடப்பக்க ஸ்டியரிங் தேசங்கள், அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து வண்டிகள் பொருந்தும் என்றாலும், சுங்கம் வண்டியின் விலையையே தாண்டிப் போகும், அதன்மேல் ஜி.எஸ்.டி.; அதன்மேல் இங்கே சாலை வரி. அந்த ஊரிலேயே விற்றுவிட்டு வரச் சொல்லுங்கள்.

புது எண் கிடைத்தபின் செய்ய வேண்டிய சில்லறை வேலைகள் உண்டு. அவற்றில் இன்சூரன்ஸ் மட்டும் சில்லறை அன்று. பாலிசியில் பழைய எண்ணே இருந்தால் விபத்து நேர்ந்த நாளில் வாய்த் தகராறு வரும். கம்பெனிக்கு எழுதி எண்ணையும் விலாசத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். பெங்களூர், சென்னை, மும்பை, தில்லி போன்ற எட்டு நகரங்கள் தனியார் கார் இன்சூரன்ஸில் ஏ மண்டலம், மற்றவை பி மண்டலம். சேலத்திலிருந்து வந்த வண்டிக்குப் பிரீமியத்தில் சிறிது வித்தியாசம் கேட்டால் அது இதனால்தான். க்ளெய்ம் செய்யாததற்குச் சேர்ந்த போனஸ் எண் மாற்றத்தால் போகாது, அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். பழைய எண் பலகைகளைக் கழற்றிப் புது எண்ணில் உயர் பாதுகாப்புப் பலகை பொருத்த வேண்டும். ஃபாஸ்டாக் கொடுத்த வங்கிக்கு எண் மாறியதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாவடியில் வண்டிக்கு ஓர் எண், சீட்டுக்கு ஓர் எண் என்று தடுப்புக் கட்டை எழும்பாது. அடுக்குமாடிச் சங்கத்தில் கொடுத்த நிறுத்துமிடச் சீட்டிலும் பழைய எண்தான் இருக்கும், வாயிற்காவலர் முதல் நாளே நிறுத்திக் கேட்பார்.

பழைய ஆர்.சி.யைப் புது ஆபீஸில் ஒப்படைக்குமுன் இரு பக்கமும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் வரி திரும்பக் கேட்கும்போது முதலில் கேட்பது அதைத்தான்.